எக்ஸாம் பிக்கு எதைப் படிப்பது: ஒரு வெள்ளவத்தை மாணவியின் தெரிவு

கொழும்பில் ஒருவர் அக்சுவரிப் பரீட்சை, அதாவது காப்புறுதி போன்றவற்றின் இடரைக் கணக்கிடும் தொழிலுக்கான பரீட்சை, எழுதப் போகிறேன் என்று சொன்னால் போதும், கொஞ்ச நாளில் அவருடைய அறையில் ஒரு பை நிறையப் படிப்புச் சாமான் சேர்ந்துவிடும். பல்கலைக்கழக அண்ணா ஒருவர் போட்டோ கொப்பி தருவார். காப்புறுதிக் கம்பனியில் இருக்கும் உறவுக்காரர் பென் டிரைவ் ஒன்றை நீட்டுவார். வாட்சப்பில் பிடிஎஃப் வரும். படிக்க ஒன்றும் கிடைக்காமல் இந்தப் பரீட்சையில் தோற்றவர்களை நான் கண்டது மிகக் குறைவு. கிடைத்ததெல்லாவற்றையும் தொடங்கி, எதிலும் பாதியைத் தாண்டாமல் நின்றவர்களைத்தான் நிறையக் கண்டிருக்கிறேன்.

அப்படி ஒரு பையோடு வந்த மாணவி ஒருவரைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். பருத்தித்துறையில் தமிழ் மொழிமூலம் கணிதப் பிரிவில் உயர்தரம் எடுத்தவர். அப்புறம் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல், ஆங்கில மொழிமூலம். இறுதியாண்டில் வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்தார். நான் காப்புறுதி நிறுவனமொன்றின் அக்சுவரிப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்தப் பரீட்சைகளை எழுதிக் கடந்தவள் என்பதால் ஊர்ப்பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டு வருவார்கள். அவர் கேட்ட கேள்வியும் எல்லாரும் கேட்பதுதான்: "அக்கா, எந்தப் புத்தகம் வாங்கிறது?"

அவர் எழுத இருந்தது அமெரிக்காவின் சொசைட்டி ஒஃப் அக்சுவரீஸ் நடத்தும் எக்ஸாம் பி, அதாவது நிகழ்தகவுப் பரீட்சை. மூன்று மணித்தியாலம், 30 பல்தேர்வுக் கேள்விகள், கணினியில் எழுத வேண்டும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள். 0 முதல் 10 வரையான அளவில் 6 எடுத்தால் சித்தி. 6 என்றால் 60 வீதம் சரி என்று பலர் நினைத்துக்கொண்டு தங்கள் பயிற்சிப் புள்ளிகளைப் பார்த்து ஆறுதல் அடைகிறார்கள். அது அப்படி இல்லை. சித்திக் கோட்டைத்தான் 6 என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு எத்தனை சரி வேண்டும் என்பது அந்த எண்ணில் தெரியாது. போதாததற்கு, 30 கேள்விகளில் சில பரீட்சார்த்தக் கேள்விகள். அவற்றுக்குப் புள்ளி இல்லை, எவை அவை என்றும் சொல்ல மாட்டார்கள்.

கட்டணம் டொலரில். 2022-இல் ரூபா விழுந்ததற்கு முன்பு டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா, அந்த ஆண்டு நடுவில் 350-ஐத் தாண்டியது. பின்பு 300 அளவுக்கு இறங்கினாலும் பழைய விலை திரும்பி வரவில்லை. இங்கே வேலை தொடங்கும் பிள்ளை ஒன்றுக்கு ஒரு பரீட்சைக் கட்டணமே பெரிய சுமை. அதோடு ஒரு வழிகாட்டிப் புத்தகம், ஒரு காணொளிப் பாடநெறி, ஒரு கேள்வி வங்கிச் சந்தா என்று மூன்றையும் டொலரில் வாங்கினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. தெரிவு பிழைத்தால் போவது காசும் ஒரு பரீட்சைத் தவணையும். இந்த விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

பையில் இருந்தவை

முதலில் பையைக் கொட்டிப் பார்த்தோம்.

அடியில் இருந்தது ஸ்பைரல் போட்ட தடித்த போட்டோ கொப்பி. பல கை மாறி வந்தது, ஓரமெல்லாம் வேறு வேறு பேனைக் குறிப்புகள். முதற் பக்கத்தில் கோர்ஸ் 1 என்று இருந்தது. அது 2000 முதல் 2004 வரை இருந்த பரீட்சையின் பெயர். அப்போது நுண்கணிதத்தையும் நிகழ்தகவையும் ஒரே வினாத்தாளில் கேட்டார்கள். 2005-இல்தான் நிகழ்தகவு தனியாகப் பிரிந்து எக்ஸாம் பி ஆனது. ஆகவே அந்தக் கொப்பியில் பெரிய பங்கு இன்றைய பரீட்சைக்கே உரியது அல்ல. அவரோ அதில் முதல் மூன்று அத்தியாயத்தையும் கவனமாக முடித்திருந்தார்.

பென் டிரைவில் ஒரு வழிகாட்டியின் பிடிஎஃப். நல்ல புத்தகம், ஆனால் 2022-க்கு முந்தியது. அந்த ஆண்டு பாடத்திட்டத்தை மாற்றினார்கள். இரண்டு தொடர் மாறிகளின் கூட்டுப் பரம்பல் வெளியே போனது, பல மாறிப் பகுதியில் கூட்டுப் பரம்பல் என்றால் இனிப் பின்னக மாறிகளுக்கு, அதாவது 0, 1, 2 என்று தனித்தனிப் பெறுமானம் எடுப்பவற்றுக்கு, மட்டும். பழைய வழிகாட்டிகளில் மாணவர்களை அதிகம் வாட்டிய பகுதியே அதுதான். இரட்டைத் தொகையீடு, பிரதேசத்தை வரைந்து எல்லை கண்டுபிடிப்பது என்று பக்கம் பக்கமாக இருக்கும். எங்களுடைய உயர்தரக் கணிதப் பிள்ளைகளுக்குத் தொகையீடு கண்டால் விடமாட்டாத குணம் ஒன்று உண்டு. இவரும் அந்த அத்தியாயத்தில் நாட்களைச் செலவழித்திருந்தார், அதுவும் விருப்பத்தோடு.

மூன்றாவது, பிரித்தானிய அக்சுவரி நிறுவனம் நடத்தும் சிஎஸ்1 என்ற பரீட்சையின் பாடக் குறிப்புகள். கொழும்பில் அமெரிக்க வழியால் போகிறவர்களும் இருக்கிறார்கள், பிரித்தானிய வழியால் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் இரண்டு வழிக்குமுரிய கொப்பிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சிஎஸ்1-இல் நிகழ்தகவு ஒரு பகுதிதான். மீதி மதிப்பீடு, கருதுகோள் சோதனை, பிற்செலவு (ரிக்ரெஷன்), ஆர் மென்பொருளில் செய்யும் வேலை. எக்ஸாம் பியில் இவை எதுவும் இல்லை. குறிப்புகள் தரமானவை, பரீட்சைதான் வேறு.

இவை தவிர, அவருடைய பல்கலைக்கழக விரிவுரைக் குறிப்புகளும் நூலகத்தில் எடுத்த நிகழ்தகவுப் பாடநூல் ஒன்றும் இருந்தன.

கொட்டிய பிறகு செய்த வேலை மிக எளியது. சொசைட்டியின் தளத்திலிருந்து அவர் எழுத இருந்த தவணைக்குரிய பாடத்திட்டத்தை இறக்கினோம். பொது நிகழ்தகவு, ஒரு மாறி, பல மாறி என்று மூன்று பகுதி. ஒரு மாறிப் பகுதி மட்டுமே ஏறத்தாழ அரைவாசி. ஒவ்வொரு கொப்பியின் உள்ளடக்கப் பக்கத்தையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் வெட்டிக்கொண்டு போனார். அந்த இரவே போட்டோ கொப்பியும் சிஎஸ்1 குறிப்பும் பைக்குள் திரும்பிப் போயின. இந்த ஒப்பீட்டைப் பரீட்சைக்குப் பதிவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஆகப் பழையதுதான் ஆக இலகுவாகக் கைக்கு வரும். யாருக்கும் தேவையில்லாமல் போனது என்பதால்தானே அது இலவசமாக வருகிறது.

வாங்குவதற்கு முன் மூன்று மணித்தியாலம்

அப்போதும் அவர் கேள்வி மாறவில்லை. எதை வாங்குவது?

சொசைட்டி தன் தளத்தில் சில நூறு மாதிரிக் கேள்விகளையும் அவற்றுக்கான முழு விடைகளையும் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. பாடத்திட்டம் மாறியபோது பொருந்தாதவற்றை அகற்றியும் விட்டார்கள். பெரும்பாலானவர்கள் இதைக் கடைசி வாரத்துக்கு என்று ஒதுக்கி வைக்கிறார்கள். நான் முதல் நாளே ஒரு பகுதியை எடுக்கச் சொல்வேன். இவருக்கும் அப்படித்தான். அங்குமிங்குமாக 30 கேள்விகளைத் தெரிவுசெய்து கொடுத்தேன். 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு சனிக்கிழமை இருந்து, கைபேசியை அணைத்துவிட்டு, மூன்று மணித்தியாலத்தில் செய்தார்.

சரியானவை பாதிக்கும் குறைவு. அவருக்குப் பெரிய அதிர்ச்சி. நிகழ்தகவுப் பாடத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவர். "எல்லாம் தெரிஞ்ச கணக்குத்தான் அக்கா, ஆனா நேரம் காணேல்லை" என்றார். நேரம்தான் காரணம் என்று அவர் நம்பினார், அதனால் வேகப் பயிற்சிக்கு ஒரு கேள்வி வங்கிச் சந்தா எடுத்தால் சரி என்பது அவருடைய எண்ணம்.

பிழைத்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே பிழைத்தது என்று மூன்று குவியலாகப் பிரித்தோம். பாடமே தெரியாதவை ஒன்று. வழி சரியாக இருந்து கணிப்பில் சறுக்கியவை இன்னொன்று. கேள்வி கேட்டதை விட்டு வேறொன்றுக்கு விடை கண்டவை மூன்றாவது. முதற் குவியலில் ஓரிரண்டு. இரண்டாவதில் சில. மூன்றாவது குவியல்தான் மலை. நேரம் போனதும் அங்கேதான். கேள்வி புரியாமல் திரும்பத் திரும்ப வாசித்ததில், ஒரு கேள்விக்குரிய ஆறு நிமிடத்தில் நாலு போயிருந்தது.

ஒரு கணக்கு, இரண்டு விடைகள்

அந்த மூன்றாவது குவியல் எப்படிப்பட்டது என்று காட்ட நானே ஒரு கணக்கு அமைக்கிறேன்.

ஒரு வாகன விபத்தில் வரும் சேதம் அடுக்குக்குறிப் பரம்பலில், இடை 50,000 ரூபா. காப்புறுதியில் 20,000 ரூபா டிடக்டிபிள். அதாவது முதல் 20,000 ரூபாவை வாகனக்காரரே ஏற்க வேண்டும், அதற்கு மேல் உள்ளதைக் கம்பனி கட்டும். ஒரு விபத்துக்குக் கம்பனி கட்டும் தொகையின் எதிர்பார்க்கைப் பெறுமானம் என்ன?

சேதம் 20,000-ஐத் தாண்டாவிட்டால் கொடுப்பனவு பூச்சியம். அந்தப் பூச்சியங்களும் சராசரிக்குள் வரும். 20,000-இலிருந்து மேலே உயிர்ப்புச் சார்பை, அதாவது சேதம் ஒரு தொகையைத் தாண்டும் நிகழ்தகவை, தொகையிட்டால் 50,000 பெருக்கல் e-இன் மறை 0.4 ஆம் அடுக்கு, ஏறத்தாழ 33,516 ரூபா.

இப்போது கேள்வியின் கடைசி வரியை மட்டும் மாற்றுவோம். கம்பனி ஒரு கொடுப்பனவு செய்தது என்று தரப்பட்டால், அந்தக் கொடுப்பனவின் எதிர்பார்க்கைப் பெறுமானம் என்ன? அடுக்குக்குறிப் பரம்பல் நினைவற்றது. 20,000-ஐத் தாண்டியது தெரிந்த பிறகு எஞ்சிய பகுதிக்கும் அதே பரம்பல், ஆகவே விடை நேராக 50,000. எழுதுகோலே தேவையில்லை.

இரண்டு கேள்விக்கும் தரவு ஒன்று, சூத்திரப் பரப்பும் ஒன்று. பல்தேர்வு விடைகளில் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எங்கள் மாணவி முதலாவது கேட்டால் இரண்டாவதைக் கண்டார், இரண்டாவது கேட்டால் முதலாவதுக்கு நீளத் தொகையிட்டார். தொகையீட்டில் ஒரு பிழை இல்லை. அழகாகச் செய்திருந்தார்.

நிபந்தனை நிகழ்தகவிலும் இதே கதை. ஒரு கம்பனியின் வாகனக் காப்புறுதியில் 60 வீதம் கார், 30 வீதம் மோட்டார் சைக்கிள், 10 வீதம் முச்சக்கர வண்டி. ஆண்டுக்குள் விபத்துக்குள்ளாகும் நிகழ்தகவு முறையே 0.05, 0.10, 0.20. விபத்துக்குள்ளான வாகனம் ஒன்று முச்சக்கர வண்டியாக இருக்கும் நிகழ்தகவு என்ன? மேலே 0.02, கீழே 0.03, 0.03, 0.02 கூட்டினால் 0.08, விடை 0.25. பேயிசின் தேற்றத்தை அவர் தூக்கத்திலும் எழுதுவார். ஆனால் இதையே ஆறு வரி ஆங்கில வசனமாக, தேவையில்லாத தகவல் ஒன்றையும் நடுவில் செருகிக் கொடுத்தால், எது நிபந்தனை, எது நிகழ்ச்சி என்று பிரிக்கும்போதே தடுமாறினார்.

காரணம் விளங்கக்கூடியதுதான். உயர்தர இணைந்த கணிதத்தில் நிகழ்தகவு உண்டு, ஆனால் அங்கே பந்தும் பையும் தாயக்கட்டையும். பல்கலைக்கழகத்தில் வந்தது தேற்றமும் நிறுவலும். டிடக்டிபிள், கொடுப்பனவின் உச்ச வரம்பு, ஒரு சேதத்துக்கு எவ்வளவு, ஒரு கொடுப்பனவுக்கு எவ்வளவு என்ற உலகம் அவருக்கு முன்பு எங்கும் வந்ததில்லை. வீட்டில் வாகனமும் இல்லை, காப்புறுதிப் பத்திரமும் இல்லை. இதைக் கணிதப் பலவீனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கணிதம் அவரிடம் போதியளவு இருந்தது. பரீட்சை பேசும் உலகத்துக்கு அவரை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தெரிவும் இங்கிருந்துதான் வந்தது. இன்னொரு கோட்பாட்டுப் புத்தகம் அவருக்கு வேண்டாம். காணொளிப் பாடநெறியும் வேண்டாம், அது அவருக்குத் தெரிந்ததையே மெதுவாகத் திரும்பச் சொல்லும். வேகப் பயிற்சியும் அப்போது வேண்டாம். வேண்டியவை இரண்டு: காப்புறுதி எப்படி இயங்குகிறது என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லும் ஒரு சிறு நூல், அதன் பின் நீளமாக எழுதப்பட்ட கேள்விகள், அதுவும் விளக்கமான விடையோடு.

காசு போன இடம்

முதலாவது இலவசம். இடரும் காப்புறுதியும் பற்றி இந்தப் பரீட்சைக்காரருக்காகவே எழுதிய சிறு கற்கைக் குறிப்பு ஒன்றைச் சொசைட்டி தன் தளத்தில் வைத்திருக்கிறது. கொஞ்சப் பக்கம்தான். அதில் கணிதம் அதிகம் இல்லை என்பதால் பலர் திறந்தே பார்ப்பதில்லை. காலி வீதியில் அதை அச்செடுத்து, இரண்டு தரம் வாசித்தார். நான் என்னுடைய மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தையும் கொடுத்து, கட்டுப்பணம் எங்கே, கம்பனி எந்த வரம்பு வரை கட்டும், நான் எதை ஏற்க வேண்டும் என்று தேடச் சொன்னேன். இந்த ஒரு மாலை வேலை பல அத்தியாயங்களுக்குச் சமம் என்று நான் இப்போதும் நம்புகிறேன்.

இரண்டாவதும் பெரும்பாலும் இலவசமே, அதே மாதிரிக் கேள்விகள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் கணக்குத் தொடங்குமுன் ஒரு வரி எழுத வேண்டும் என்று ஒழுங்கு வைத்தோம்: என்ன கேட்கிறார்கள், எது தரப்பட்டிருக்கிறது. தமிழில் எழுதலாம், கடைசி வரியை முதலில் வாசிக்க வேண்டும். ஆரம்பத்தில் இது அவரை இன்னும் மெதுவாக்கியது. அவருக்கு எரிச்சல். ஆனால் கொஞ்ச நாளில் அந்த வரி தாளில் வராமலே மனதில் வரத் தொடங்கியது.

பென் டிரைவ் வழிகாட்டியை முழுதாக எறியவில்லை. ஒரு மாறிப் பகுதி அப்படியே செல்லுபடியாகும், அதில் அதை வைத்துக்கொண்டார். பல மாறிப் பகுதிக்குப் பின்னகப் பரம்பல், உடன்மாறல்திறன், செவ்வன் மாறிகளின் கூட்டு, மத்திய எல்லைத் தேற்றம், வரிசைப் புள்ளிவிபரங்கள் ஆகியவற்றுக்கு நூலகப் பாடநூல் போதுமாக இருந்தது. அவர் பல்கலைக்கழகக் குறிப்பிலேயே பாதி இருந்தது.

டொலர் கொடுத்து வாங்கியது ஒன்றே ஒன்று: கேள்வி வங்கிச் சந்தா, மிகக் குறைந்த காலத்துக்கானது. அதையும் பரீட்சைக்கு முந்திய காலத்துக்கென்று தள்ளி வைத்தோம். இவ்வகைச் சந்தாக்கள் காலக் கணக்கில் விற்கப்படுகின்றன. முதல் நாளே எடுத்தால், பாடம் படிக்கும் மாதங்களுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும், முழு மாதிரிப் பரீட்சைகள் தேவைப்படும் நேரத்தில் சந்தா முடிந்திருக்கும். கொழும்பில் பலருக்கு நடப்பது இதுதான். மாமாவின் கடனட்டையில் வாங்கினார், ரூபாவில் பிறகு கொடுத்தார்.

கணிப்பான்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் விடக்கூடாது. எங்கள் பல்கலைக்கழக மாணவர் கையில் இருப்பது பெரும்பாலும் கசியோ. இந்தப் பரீட்சைக்கு அதைக் கொண்டுபோக முடியாது. சொசைட்டி அனுமதிக்கும் பட்டியலில் உள்ளவை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சில மாதிரிகள் மட்டுமே: பிஏ 2 பிளஸ், டிஐ-30எக்ஸ்எஸ் மல்டிவியூ போன்றவை. சிஎஃப்ஏ என்ற முதலீட்டுத் துறைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் பிஏ 2 பிளஸ் பாவிப்பதால் கொழும்பில் அதைக் கைமாற்றாக வாங்கலாம். மல்டிவியூ தேட வேண்டும், ஆனால் பின்னகப் பரம்பல் ஒன்றின் இடையையும் மாறற்றிறனையும் அட்டவணையாகப் போட்டு எடுக்க அது மிக வசதி. எதுவானாலும் பயிற்சியின் முதல் நாளிலிருந்து அதே கணிப்பானில்தான் செய்ய வேண்டும். இவர் கடைசி வாரத்துக்கு என்று விட்டிருந்தார், நான் அனுமதிக்கவில்லை.

நடந்தது

நடுவில் ஒரு முறை, சந்தா எடுக்கு முன்பு, வேறு 30 கேள்விகளை அதே நூலகத்தில் நேரம் வைத்துச் செய்தார். மூன்றாவது குவியல் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் இரண்டாவது, கணிப்புச் சறுக்கல், கொஞ்சம் கூடியிருந்தது. புதிய கணிப்பானும் வேகமும் சேர்ந்து செய்த வேலை. அதனால் சந்தாவில் கிடைத்த கேள்விகளை அவர் நினைத்தபடி கடினமானவற்றிலிருந்து தொடங்கவில்லை. நடுத்தரக் கேள்விகளைப் பிழையில்லாமல் ஆறு நிமிடத்துக்குள் முடிப்பதையே முதலில் பயின்றார். பரீட்சையில் புள்ளி உள்ள எல்லாக் கேள்விக்கும் ஒரே புள்ளிதான். ஆகக் கடினமான மூன்றை விட்டு, இலகுவான மூன்றைப் பிழைக்காமல் காப்பாற்றுவது எந்த நாளும் இலாபம். இந்த விஷயத்தில் கேள்வி வங்கிகளின் கடின நிலைப் படிகள் பிள்ளைகளைப் பிழையாக இழுக்கின்றன என்பது என் அபிப்பிராயம். மேல் படி ஏறுவதே இலக்கு என்று ஆகி, கேட்கப்படாத கடினத்தில் நாள் போகிறது.

பரீட்சை முடிந்ததும் திரையிலேயே தற்காலிகப் பெறுபேறு வந்துவிடும். சித்தி. அதிகாரபூர்வப் புள்ளி பிறகு வந்தபோது 7. வெளியில் வந்து அழைத்தவர் சொன்ன முதல் வசனம், டிடக்டிபிள் கேள்வி ஒன்றில் கடைசி வரியை இரண்டாம் முறை வாசித்து விடையை மாற்றினேன் என்பது.

இன்னொருவர், வேறு பை

அவர் சித்தியடைந்ததும் அதே பட்டியலைக் கேட்டு இன்னொருவர் வந்தார். பம்பலப்பிட்டிப் பையன், சர்வதேசப் பாடசாலை, இலண்டன் உயர்தரம். அவருக்கும் முதலில் மூன்று மணித்தியால வினாத்தாள்தான் கொடுத்தேன். குவியல்கள் தலைகீழ். ஆங்கிலக் கேள்வியை ஒரு முறை வாசித்ததும் என்ன கேட்கிறார்கள் என்று சரியாகச் சொல்வார். பகுதிகளாகத் தொகையிட வேண்டி வந்தால் நின்றுவிடுவார், பெருக்கல் தொடரின் கூட்டுத்தொகையும் கை வராது. மாணவியின் பட்டியலை அவருக்குக் கொடுத்திருந்தால் ஏற்கெனவே தெரிந்ததற்கே காசு செலவழித்திருப்பார்.

அவருக்கு வாங்கச் சொன்னது வெள்ளவத்தைப் புத்தகக் கடையில் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் இணைந்த கணிதக் கடந்தகால வினாத்தாள் தொகுதி, ஆங்கில மொழிமூலம். அதில் தொகையீட்டுக் கேள்விகள் மட்டும், ஆண்டு வரிசையாக. எக்ஸாம் பிக்குப் படிக்கும் ஒருவர் உயர்தரக் கணக்குச் செய்வதைப் பார்த்து அவருடைய தகப்பனாருக்குச் சந்தேகம், தொலைபேசியில் கேட்டார். பாடத்திட்டத்தை அனுப்பினேன். நுண்கணிதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கிறது, அதை முதலிலிருந்து கற்பிப்பது பரீட்சையின் பாடத்திட்டத்தில் இல்லை. சரி என்று சொல்லிவிட்டார். பையன் இன்னும் பரீட்சைக்குப் பதியவில்லை. தொகையீட்டுக் கேள்விகள் முடிந்ததும் வேறு 30 கேள்விகள் செய்து, குவியல்களைப் பார்த்த பிறகுதான் கட்டணம் கட்டுவதாக இருக்கிறார்.